இடக்கை கொடுத்துப் பழகிய பிள்ளைகள்

பெறாமகளுக்குப் போன மாதம் பள்ளிக்கூடத்தில் கைட், அதாவது பெண் சாரணியர், சின்னம் சூட்டினார்கள். தங்கச்சி படம் எடுத்துக் குடும்ப வட்ஸ்அப் குழுவில் போட்டா. பிள்ளை வலக்கையில் மூன்று விரலை நிமிர்த்தி நெற்றிக்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, இடக்கையைக் கப்டன் ரீச்சரிடம் நீட்டிக்கொண்டு நிற்கிறாள். ரீச்சரும் இடக்கையைத்தான் கொடுக்கிறா. அரை மணித்தியாலம் போகவில்லை, டொரொன்டோவிலிருந்து பெரிய மாமா எழுதிவிட்டார்: "பிள்ளைக்கு ஒருத்தரும் ஒண்டும் பழக்கேல்லையோ? ரீச்சருக்கு இடக்கையைக் குடுக்குது." பிறகு கேட்க வேண்டுமா? லண்டன், பாரிஸ், சிட்னி எல்லாம் கிளம்பிவிட்டன. ஒரு மாமி ரீச்சருக்கும் சேர்த்து இரண்டு சொல் சொன்னா. இன்னொருவர், படம் இடம் வலம் மாறி விழுந்திருக்கும், போனில் செற்றிங்கைப் பாருங்கோ என்று ஆலோசனை தந்தார்.

தங்கச்சி பள்ளிக்காலத்தில் வலைப்பந்துக்காரி, கைட்ஸ் பக்கம் எட்டியும் பார்க்காதவ. ஆகவே விளக்கம் சொல்லும் வேலை என் தலையில் விழுந்தது. குரல் பதிவு ஒன்று போடத் தொடங்கினேன், அது நீண்டுகொண்டே போனது. மாமா கேட்டு முடிக்க முதல் நித்திரையாகிவிடுவார். அதனால் இங்கே எழுதுகிறேன்.

எங்கள் வீடுகளில் இடக்கைக்கு என்ன மரியாதை என்று உங்களுக்குத் தெரியும். கடையில் காசு கொடுப்பதும் வலக்கை, கோயிலில் விபூதி வாங்குவதும் வலக்கை. வலக்கையில் பாரம் இருந்தால் "குறை நினைக்காதேங்கோ" என்று ஒரு வார்த்தை சொல்லிவிட்டுத்தான் மற்றக் கையை நீட்டுவோம். கைட்ஸில் கை குலுக்குவது இடக்கையால்தான். நான் சேர்ந்த புதிதில் வீட்டில் இதைப் பழகிக் காட்டினேன். அம்மம்மா பாக்கு வெட்டிக்கொண்டிருந்தவ நிமிர்ந்து பார்த்தா. "சோத்துக்கை வடிவா இருக்க மற்றக் கையைக் குடுக்கிறதோ? ஆர் பிள்ளை உனக்கு இதைப் படிப்பிச்சது?" வெள்ளைக்காரர் கொண்டுவந்தது என்றேன். "அதுதானே பாத்தன்" என்றுவிட்டு மறுபடி பாக்கு வெட்டப் போய்விட்டா.

அதற்கு ஒரு கதை இருக்கிறது, சேருகிற எல்லாப் பிள்ளைகளுக்கும் சொல்வார்கள். சாரணர் இயக்கத்தைத் தொடங்கிய பேடன் பவல் பட்டாளத்தில் இருந்த காலத்தில் மேற்கு ஆபிரிக்காவின் அசாந்தி நாட்டுக்குப் போனாராம். அங்கே ஒரு தலைவரிடம் வலக்கையை நீட்ட, அவர் இடக்கையை நீட்டினாராம். எங்கள் ஊரில் வீரத்தில் பெரியவனுக்கு இந்தக் கைதான் கொடுப்பது, கேடயம் பிடிக்கிற கை இது, அதைக் கீழே வைத்துவிட்டு உனக்குக் கை தருகிறேன் என்றால் உன்னை நம்புகிறேன் என்று அர்த்தம் என்றாராம். இதயத்துக்குக் கிட்ட இருக்கிற கை என்றும் சிலர் சேர்த்துச் சொல்வார்கள்.

கதை நல்ல கதைதான். ஆனால் கொஞ்சம் வளர்ந்த பிறகு மற்றப் பாதியையும் வாசித்தேன். பேடன் பவல் அங்கே போனது விருந்துக்கு அல்ல. 1895 கடைசியில் அசாந்தி அரசர் பிரெம்பேயைப் பணியவைக்கப் போன பிரித்தானியப் படையோடு போனார். 1896 ஜனவரியில் அரசரைப் பிடித்தார்கள். பிறகு சீஷெல்ஸ் தீவு வரை கொண்டுபோய் வைத்து, 1924இல்தான் ஊருக்குத் திரும்ப விட்டார்கள். எங்கள் கண்டி அரசரை 1815இல் பிடித்து வேலூருக்கு ஏற்றிய அதே ஆட்கள், அதே கைவரிசை. எங்கள் அரசர் திரும்பி வரவேயில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். கேடயத்தைக் கீழே வைத்த கதையைச் சொல்லும்போது, துவக்கை ஆர் வைத்திருந்தது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லலாம். பன்னிரண்டு வயதுக்கு அது விளங்கும்.

என் கண்ணுக்குத் தெரிந்த காரணம் இன்னும் எளிது. வலக்கை சல்யூட்டில் இருக்கிறது, மிஞ்சி இருப்பது இடக்கை. மாமா, படத்தைத் திரும்பப் பாருங்கோ. பிள்ளை எந்தக் கையைத் தரும்?

சல்யூட்டைப் பற்றியும் சொல்லவேண்டும். நடுவிலுள்ள மூன்று விரல் நேராக, ஒன்றோடொன்று ஒட்டி நிற்கவேண்டும். சின்ன விரல் உள்ளே மடிய, பெருவிரல் அதன் நகத்தின்மேல் ஏறி அழுத்திப் பிடிக்கவேண்டும். கேட்கச் சுகம். பிடித்துப் பாருங்கள். சின்ன விரல் மடியும்போது மோதிர விரலும் கூடவே வரப் பார்க்கும். அதை நிமிர்த்தினால் சின்ன விரல் துள்ளி வெளியே வரும். எங்கள் சிறு அணியின் தலைவி, பற்றோல் லீடர் அக்கா, ஒரு கண்டிப்பான ஆள். பாண் வாங்கக் கியூவில் நிற்கிற நேரத்திலும் பொக்கற்றுக்குள் கையை விட்டுப் பழகச் சொல்வா. நான் தேவாரம் பாடும்போது மடிக்குக் கீழே பழகினேன். இப்போதும் கூட்டம் எதிலாவது அலுப்புத் தட்டினால் மேசைக்கடியில் என் பெருவிரல் தானாகச் சின்ன விரலைத் தேடிப் போய்விடும்.

மூன்று விரலும் வாக்குறுதியின் மூன்று பகுதி: கடவுளுக்கும் நாட்டுக்கும் கடமை செய்வது, மற்றவருக்கு உதவுவது, சாரணியர் சட்டத்தைப் பேணுவது. சின்னத்தில் இருக்கிற மூன்று இலையும் அதே மூன்றுதான். 1909இல் லண்டன் கிறிஸ்டல் பலஸில் ஆண்பிள்ளைகளின் சாரணர் கூட்டத்துக்குக் கேளாமலே ஒரு கூட்டம் பெண்பிள்ளைகள் வந்து நின்றார்கள், எங்களையும் சேர்க்கச் சொல்லி. அவர்களுக்காக அடுத்த வருஷம் பேடன் பவலின் தங்கை அக்னஸ் தொடங்கியது இந்த இயக்கம். இலங்கைக்கு 1917இல் வந்தது, கண்டி கேர்ள்ஸ் ஹைஸ்கூலில். கேளாமல் வந்து நின்ற அந்தப் பிள்ளைகளைத்தான் எனக்கு முழு வரலாற்றிலும் பிடிக்கும்.

என் காலத்துக்கு வருகிறேன். நான் சேர்ந்தது தொண்ணூறுகளின் நடுவில், போர்க்காலத்தில். யாழ்ப்பாணத்திலிருந்து வந்து வெள்ளவத்தையில், கடற்கரைப் பக்கமாக இறங்கும் ஒரு ஒழுங்கையில், சித்தப்பா வீட்டு மேல்மாடியில் இருந்தோம். ரயில் போனால் கோப்பை அதிரும். வீட்டில் ஆர் ஆர் தங்கியிருக்கிறார்கள் என்று பொலிஸில் பதிந்த துண்டை அம்மா சாமித்தட்டில் லட்சுமி படத்துக்குப் பின்னால் வைத்திருந்தா. காலி வீதியில் பஸ் ஏறுமுன் அம்மா பொட்டை அழித்துவிடுவா. எனக்குச் சொல்வது ஒன்றே ஒன்று: "பஸ்ஸுக்குள்ள வாயைத் திறக்காதை."

வாயைத் திறந்தால் ஆள் ஆர் என்று தெரிந்துவிடும். இதை வெளிநாட்டில் பிறந்த மருமக்களுக்கு விளங்கப்படுத்துவது கஷ்டம். பயம் என்று மட்டும் சொன்னால் சரியாக வராது, அது ஒரு பழக்கம். சில்லறை மிச்சம் கேட்கவேண்டும் என்றாலும், இறங்க மணி அடிக்கச் சொல்லவேண்டும் என்றாலும், வசனத்தை மனதுக்குள் ஒருக்கால் சிங்களத்தில் ஓடவிட்டு, பிழைக்கும் போலிருந்தால் பேசாமல் ஒரு ஹோல்ட் தள்ளி இறங்கி நடந்து வருவோம். வகுப்பில் என்னைவிட வாய்க்காரிகள் இருந்தார்கள். அவர்களும் பஸ்ஸுக்குள் ஊமைகள்தான்.

அந்த நிலையில்தான் முதல்முறையாக மற்றப் பள்ளிக்கூடங்களோடு சேர்ந்த ஒன்றுகூடலுக்குக் கூட்டிக்கொண்டு போனார்கள். கொழும்பு 7, சேர் மார்க்கஸ் பெர்னாண்டோ மாவத்தையில் கைட்ஸ் சங்கத்தின் தலைமையகம், பொது நூலகம் இருக்கிற அதே வீதி. வான் வண்டியிலிருந்து இறங்கும்போதே எங்களுக்கு நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிவிட்டது. சுற்றிவரச் சிங்களமும் இங்கிலீஷும். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தமிழ்.

அப்போது விசில் ஊதியது. நீளமாக ஒன்று.

நீளமாக ஒன்று என்றால் அமைதி, அடுத்ததைக் கவனி. குட்டிக் குட்டியாகத் தொடர்ந்து ஊதினால் ஓடி வந்து சேர். நீளநீளமாக மெதுவாக ஊதினால் கலைந்து போ. குட்டையும் நீளமும் மாறிமாறி வந்தால் ஆபத்து, உசாராக இரு. இது பேடன் பவல் 1908இல் எழுதிய புத்தகத்தில் உள்ளபடியே எங்கள் ரீச்சர் வெள்ளவத்தைப் பள்ளிக்கூட முற்றத்தில், பக்கத்து வீட்டு நாய் குரைக்கக் குரைக்கப் பழக்கியது. இங்கேயும் அதேதான். விசில் சிங்களத்திலும் ஊதவில்லை, தமிழிலும் ஊதவில்லை. குட்டிக் குட்டியாக ஊதியதும் எல்லோருக்கும் முதல் நாங்கள் போய் நின்றோம். முன்னால் நின்ற பெரிய கைடர், அதாவது பொறுப்பாளர், இரண்டு கையையும் கீழே தாழ்த்தி அரைவட்டமாக வீசினா. லாடம் போல வளைந்து நில் என்று அதற்குப் பொருள். கேட்கவேண்டியதில்லை, மொழிபெயர்க்கச் சொல்லவேண்டியதில்லை. கால் தானாகப் போனது.

அன்றைக்குக் கண்டதில் எனக்கு இன்னும் அலுக்காதது அமைதிச் சைகை. அத்தனை பிள்ளைகளும் கதைக்கிற இரைச்சல், பின்னேர நேரத்து ஆலமரம்தான். அந்தப் பெரிய கைடர் ஒன்றும் சொல்லாமல் வலக்கையை உயர்த்தினா. அவ்வளவுதான். முதலில் முன்வரிசையில் நாலைந்து பேர் கண்டார்கள், அவர்களும் கையை உயர்த்தி வாயை மூடினார்கள். அவர்களுக்குப் பின்னால் நின்றவர்கள் கைகளைக் கண்டார்கள். இரைச்சல் முன்னாலிருந்து பின்னுக்கு அணைந்துகொண்டே போனது. கடைசியில் மூலையில் இரண்டு பேர் மட்டும் முதுகைக் காட்டிக்கொண்டு ஏதோ சுவாரசியமாகக் கதைத்துக்கொண்டிருந்தார்கள். சுற்றிவர அமைதியானதும் தங்கள் குரல் தங்களுக்கே கேட்டு, திரும்பிப் பார்த்து, கையை உயர்த்தினார்கள். ஒருவரும் "உஷ்" என்று சொல்லவில்லை. "வாயை மூடு" என்று சொல்லவில்லை. பஸ்ஸில் வாயை மூடுவது ஒன்று, இது வேறொன்று. இங்கே எல்லோரும் மூடுகிறார்கள், எங்களோடு சேர்ந்து.

இந்த இடத்தில் ஒரு கட்டுப்பாடு எனக்கு நானே போட்டுக்கொள்கிறேன். இதை எடுத்து ஒரு சமாதானச் சுவரொட்டி அடிக்கலாம், அரசசார்பற்ற நிறுவனங்கள் நிறைய அடித்தும் இருக்கின்றன. அப்படி ஒன்றும் நடக்கவில்லை. சாப்பாட்டு நேரம் வந்ததும் சிங்களப் பிள்ளைகள் ஒரு மர நிழலில், நாங்கள் ஒரு நிழலில், முஸ்லிம் பிள்ளைகள் இன்னொன்றில். பார்சலைப் பிரித்தவுடன் மொழி திரும்பி வந்துவிட்டது. ஒருத்தி மட்டும் தன் மீன் பணிஸைக் கொண்டுவந்து நீட்டினாள், நாங்கள் சைவம் என்று சொல்லத் தெரியாமல் நான் வாங்கி வைத்துக்கொண்டேன். அவ்வளவுதான் நடந்த நல்லிணக்கம். எனக்குக் கிடைத்தது அதைவிடச் சின்னது, ஆனால் எனக்கு அப்போது தேவையானது: கொழும்பில் ஒரு இடத்தில், அரை நாள், வாயைத் திறக்காமலே எல்லாம் சரியாகச் செய்துகொண்டிருந்தேன். எவரும் என்னைப் பார்த்து "நீ எந்த ஊர்?" என்ற கேள்வியைத் தொடங்கவில்லை.

பாட்டுகள் இதில் அடுத்த படி. வாயைத் திறந்தே ஆகவேண்டும்.

தீப்பாசறைப் பாட்டுகளை இசையாக எடுத்துப் பார்த்தால் பெரிதாக ஒன்றுமில்லை. சங்கீதம் படித்த என் சிநேகிதி காதைப் பொத்திக்கொள்வாள். ஆனால் அவற்றைச் செய்தவர்கள் விஷயம் தெரிந்தவர்கள். பெரும்பாலானவை ஒருவர் ஒரு வரி சொல்ல மற்றவர்கள் திருப்பிச் சொல்கிற மாதிரி. அதற்குப் புத்தகம் வேண்டாம், முதல்நாள் பழகத் தேவையில்லை, வெள்ளிக்கிழமை பஜனையில் உட்கார்ந்து பழகிய எந்தப் பிள்ளையும் இரண்டாம் வரியில் பிடித்துவிடும். சிலவற்றில் கையும் காலும் பாதி வேலை செய்யும். சொல் தெரியாவிட்டால் கையைத் தூக்கு, தோளைத் தட்டு, பக்கத்தில் நிற்பவள் குனிந்தால் நீயும் குனி.

இன்னும் சில பாட்டுகளுக்கு அர்த்தமே கிடையாது. 'கிங் காங் கூலி' என்று ஒன்று, உலகம் முழுக்கச் சாரணர்களும் கைட்களும் பாடுவது. எந்த மொழியிலும் சேராத ஒலிகள். பேடன் பவலே 1920இல் லண்டனில் நடந்த முதல் உலக ஜம்போரிக்காக, அதாவது சாரணர் பெருங்கூட்டத்துக்காகச் செய்தார் என்று சொல்வார்கள், நான் அதற்குச் சாட்சி நிற்க மாட்டேன். ஆனால் ஆர் செய்திருந்தாலும் அவருக்கு ஒரு கும்பிடு. கொழும்பில் இங்கிலீஷ் பாட்டுப் பாடினால் கொள்ளுப்பிட்டிப் பெரிய பள்ளிக்கூடத்துப் பிள்ளையின் உச்சரிப்பும் எங்கள் உச்சரிப்பும் தனித்தனியாகத் தெரியும். சிங்களப் பாட்டென்றால் சொல்லவே வேண்டாம். அர்த்தமில்லாத பாட்டில் சரியான உச்சரிப்பு என்று ஒன்று இல்லையே! அந்தப் பாட்டில்தான் நான் முதன்முதல் அந்த மைதானத்தில் தொண்டை கிழியக் கத்தினேன். பாதிப் பேர் மெட்டைப் பாட, மற்றப் பாதி அடியில் தாளத்துக்கு ஒரே சொல்லைத் திருப்பித் திருப்பிச் சொல்லவேண்டும். நாங்கள் அடிப்பக்கம். அடிப்பக்கம்தான் சத்தம் கூட.

உலக கைட் பாட்டு என்று அதிகாரபூர்வமான ஒன்று இருக்கிறது. மெட்டு பின்லாந்தின் சிபேலியுஸ் எழுதிய ஒரு அணிநடை இசை, பெரிய மனிதர். நெஞ்சை நிமிர்த்திப் பாடுகிற பாட்டு. எங்களுக்கு அதன் இங்கிலீஷ் வரிகள் முழுதாக வாயில் ஏறவில்லை, உயிரெழுத்துகளை மட்டும் நம்பிக்கையோடு பாடினோம். நாள் முடிவில் பாடுவது 'டாப்ஸ்'. அமெரிக்க உள்நாட்டுப் போரில், 1862இல், பட்டர்பீல்ட் என்ற தளபதி தன் படை விளக்கணைத்துப் படுப்பதற்காக அமைத்த ஊதுகொம்பு இசை. பிறகு சொல் வைத்துப் பாடத் தொடங்கினார்கள். போர்க்களத்து இசை என்று அப்போது தெரியாது. தெரிந்திருந்தால் அம்மா பாடவிட்டிருக்கமாட்டா.

கெம்பில் என்றால் சட்டப்புத்தகம் எல்லாம் ஒன்பது மணிக்குப் பிறகு தளர்ந்துவிடும். வெளிநாட்டுப் பாட்டுகள் முடிய, ஒரு மொறட்டுவைப் பிள்ளை தகர வாளியைக் கவிழ்த்துவைத்துப் பைலாத் தாளம் போடுவாள். பைலாவுக்குச் சிங்களம் தெரியவேண்டியதில்லை, இடுப்புத் தெரிந்தால் போதும். நாங்களும் சும்மா இருக்கவில்லை. சினிமா மெட்டுகளுக்குக் கெம்ப் வரிகள் கட்டி, பருப்புக் கறியில் உப்பில்லாததையும் ரீச்சரின் குறட்டையையும் பாட்டாக்கினோம். சிங்களப் பிள்ளைகளுக்கு வரி விளங்காது, மெட்டு ரூபவாஹினியிலும் கசெற்றுக் கடையிலும் கேட்ட மெட்டு. சேர்ந்து கைதட்டினார்கள். ரீச்சருக்கு வரியும் விளங்கியது.

கைதட்டலிலும் வகை உண்டு. எனக்குப் பிடித்தது மழைத் தட்டல். எல்லோரும் இடது உள்ளங்கையை விரித்து, வலக்கையின் ஒரே ஒரு விரலால் அதில் தட்டத் தொடங்கவேண்டும், தாளம் இல்லாமல், அவரவர் பாட்டில். தகரக் கூரையில் முதல் தூறல் விழுகிற சத்தம் வரும். தலைவி இரண்டு விரலைக் காட்டுவாள், இரண்டாகும். மூன்று. நாலு. ஐந்து விரலும் சேரும்போது ஓங்கிப் பெய்யும், பக்கத்தில் நிற்பவள் கதைப்பது கேட்காது. பிறகு திரும்ப நாலு, மூன்று, இரண்டு, ஒன்று, நிற்பாட்டு. பெரிய மழை விட்டபிறகு வருகிற வெறுமை இருக்கிறதே, அது அப்படியே வரும். வைகாசி மழையில் மண்டபத்துக்குள் அடைபட்டிருந்த ஒரு கெம்பில், வெளியே நிஜ மழையும் உள்ளே இந்த மழையுமாக, எது எது என்று தெரியாமல் தட்டிக்கொண்டிருந்தோம்.

தடக்குறிகளை மட்டும் எங்களால் ஒழுங்காகப் பழக முடியவில்லை. வழியில் கல், தடி, சோக்குக் கட்டியால் அடையாளம் வைத்துப் போவது. அம்பு என்றால் இந்தப் பக்கம், பெருக்கல் அடையாளம் என்றால் இந்த வழி இல்லை, வட்டத்துக்குள் ஒரு புள்ளி என்றால் வீட்டுக்குப் போய்விட்டேன். பேடன் பவல் 1941இல் கென்யாவில் காலமானார், நியேரியில் இருக்கிற அவர் கல்லறையில் இந்த வட்டமும் புள்ளியும்தான் செதுக்கியிருக்கிறது. ஆனால் 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்த பிறகு, தமிழ்ப் பிள்ளைகள் சோக்கோடு வீதிக்கு இறங்கி மதிலில் அம்புக்குறி போடுவதை ஆர் பார்த்துக்கொண்டிருப்பார்கள்? ரீச்சர் சோக்கை வாங்கி மேசை லாச்சிக்குள் வைத்துவிட்டா. பள்ளிக்கூட முற்றத்துக்குள்ளேயே வேப்பங்குச்சியால் அம்பு வைத்து, கன்டீனிலிருந்து தண்ணீர்த் தாங்கிக்கும் தாங்கியிலிருந்து கன்டீனுக்கும் தடம் பிடித்துத் திரிந்தோம். அந்த வருஷம் பெப்ரவரி 22, உலக நினைவு நாளையும் வெளியே போகாமல் எங்களுக்குள்ளேயே முடித்தோம். பேடன் பவலுக்கும் மனைவி ஒலேவுக்கும் ஒரே தேதியில் பிறந்தநாள், 1926இலிருந்து அந்த நாளில் எல்லா நாட்டுக் கைட்களும் ஒருவரையொருவர் நினைப்பது வழக்கம். மெழுகுதிரி கொளுத்தி, வலக்கை மேலும் இடக்கை கீழுமாக மார்புக்கு முன்னால் குறுக்கே போட்டுப் பக்கத்தில் நிற்பவர்களின் கையைப் பிடித்து வட்டமாக நின்றோம். ரீச்சர் தன் பக்கத்துப் பிள்ளையின் கையை ஒருக்கால் அழுத்துவா, அவள் அடுத்தவளுக்கு, அடுத்தவள் அடுத்தவளுக்கு. எனக்குப் பக்கத்தில் நின்றவளுக்குக் கை எப்போதும் வியர்க்கும். அழுத்தம் சுற்றி ரீச்சரிடம் திரும்பவேண்டும். அன்றைக்கு நடுவில் எங்கேயோ நின்றுவிட்டது. ரீச்சர் ஒன்றும் கேட்காமல் மறுபடி முதலிலிருந்து அனுப்பினா.

இந்தச் சைகைகள் பிற்காலத்தில் எங்கே உதவும் என்று கேட்பவர்களுக்கு, நான் பெரிய உதாரணம் ஒன்றும் வைத்திருக்கவில்லை. ஜனாதிபதி விருது வாங்கியவர்கள் வேறு கதை சொல்லக்கூடும். பூனேயில் 1966இலிருந்து 'சங்கம்' என்று கைட்களின் உலக நிலையம் இருக்கிறது, அங்கே போய் வந்த அக்காமார் உண்டு. எனக்கு வாய்க்கவில்லை. எனக்கு நடந்தது கொழும்புக் கோட்டையில், கந்தோர் வாகனத் தரிப்பிடத்தில்.

தீ ஒத்திகை. மணி அடித்து எல்லா மாடியும் இறங்கி வெயிலில் நிற்கிறோம். பாதுகாப்பு அதிகாரி ஒலிபெருக்கியில் சிங்களத்தில் சொல்கிறார், பிறகு இங்கிலீஷில், ஒரு குஞ்சும் கேட்கவில்லை, எல்லோரும் போனும் கதையும். எரிச்சலில் நான் வலக்கையை உயர்த்திக்கொண்டு வாயை மூடி நின்றேன். ஏன் செய்தேன் என்று கேட்டால் கை போனது, அவ்வளவுதான். பக்கத்தில் நின்ற பையன், கேள்வி கேட்கப் போகிறேன் என்று நினைத்து அதிகாரிக்கு என்னைக் காட்டினான். அப்போது அந்தப் பக்கக் கோடியில், கணக்குப் பிரிவில், இன்னொரு கை தனியாக உயர்ந்தது. எனக்கு முகம் மட்டும் தெரிந்த ஒரு சிங்களப் பெண். வருஷக்கணக்காக லிப்டில் கண்டு தலையாட்டுகிற ஆள். கூட்டத்தில் ஒருவரும் அமைதியாகவில்லை. நாங்கள் இரண்டு பேரும் மட்டும் கையை உயர்த்திக்கொண்டு, ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டு, வாயை மூடி நின்றோம்.

பகல் சாப்பாட்டுக்குக் கன்டீனில் என் மேசைக்கு வந்து இடக்கையை நீட்டினா. குருநாகல் பக்கத்துப் பள்ளிக்கூடம். என்னைவிட இரண்டு மூன்று வருஷம் இளையவ. இப்போது என் சிங்களம் பரவாயில்லை, அவவின் தமிழ் 'சாப்பிட்டாச்சா' அளவில். மிச்சத்தை இங்கிலீஷில் இட்டு நிரப்புகிறோம். பாட்டுகளை ஒத்துப் பார்க்கத் தொடங்கினோம். மெட்டு எல்லாம் ஒன்றுதான், ஆனால் குருநாகலில் பாடிய சொல்லும் வெள்ளவத்தையில் பாடிய சொல்லும் பாதிக்குப் பாதி வேறு. வாய்வழியாக வந்தது அப்படித்தான் வரும். இப்போது பெறாமகளின் கூட்டம் எல்லாவற்றையும் யூடியூப்பில் பார்த்து அட்சரம் பிசகாமல் பாடுகிறார்கள், எனக்கு அதில் விருப்பமில்லை. ஒரு பாட்டு வெள்ளவத்தைக்கு வந்தால் வெள்ளவத்தை மாதிரி ஆகவேண்டும்.

அதனால்தான் அவவோடு எனக்கு இன்னும் ஒத்துவரவில்லை. கிங் காங் கூலியில் அடிப்பக்கக்காரர்கள் தாளத்தைத் தொடங்குவது மெட்டுக்காரர் ஒரு சுற்று முடித்த பிறகு என்று அவ சொல்கிறா. முதல் வரியிலிருந்தே என்று நான் சொல்கிறேன். போன கிழமை இரண்டையும் பாடிப் பார்த்தே தீர்த்துவிடுவோம் என்று மேசையில் தட்டிக்கொண்டு தொடங்கினோம். பக்கத்து மேசையில் இருந்த மனிதவளப் பிரிவு ஐயா தன் சோற்றுப் பார்சலைத் தூக்கிக்கொண்டு யன்னல் பக்கம் போய்விட்டார்.